வெங்காயம் வளர்த்த ஊர்

ஓர் ஊருக்குப் புதிதாகச் செல்கின்றவர் அதன் வரலாற்றை அறிய விரும்பினால் முதலில் கோட்டையைப் பார்ப்பார்; பழைய கட்டடங்களைப் பார்ப்பார்; அருங்காட்சியகம் இருந்தால் அதையும் பார்ப்பார். இவை யாவும் வேண்டியனவே. ஆயினும், கோட்டையைக் கட்டுவித்தவர் யார் என்பதைச் சொல்லும் கல்வெட்டு, அங்கே கல் சுமந்தவன் நண்பகலில் என்ன உண்டான் என்பதைச் சொல்வதில்லை. அதை அறிய வேண்டுமானால் அவ்வூர்ச் சிற்றுண்டிக் கடைக்குள் நுழைய வேண்டும். இன்று உங்களை அத்தகைய கடைகள் சிலவற்றிற்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறேன். ஊரின் பெயர் எல் ரீனோ. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நடுப்பகுதியில், ஓக்லஹாமா மாநிலத்தில், அதன் தலைநகருக்கு மேற்கே அரைமணி நேரப் பயணத்தில் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 17,000. கடைகள், ஹாம்பர்கர் விற்கும் கடைகள்.

ஹாம்பர்கர் என்பது இன்று நம் நகரங்களிலும் அறிமுகமான பண்டம். ஆனால் அதன் பெயரைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. ‘ஹாம்’ என்னும் ஆங்கிலச் சொல் பன்றித் தொடையைக் குறிக்கும். அதனால் இது பன்றி இறைச்சியால் ஆனது என்று எண்ணுவோர் உளர். அது பொருந்தாது. ஜெர்மனியில் ஹாம்பர்க் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவிற்குக் குடியேறியவர் பலர் அங்கிருந்துதான் கப்பலேறினர். கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டிச் சுட்ட ஓர் உணவு, ‘ஹாம்பர்க் ஸ்டேக்’ என்ற பெயரில் அமெரிக்க உணவுச் சாலைகளில் விற்கப்பட்டது. பின்னர் அதையே ரொட்டியின் இடையில் வைத்துக் கையில் ஏந்தி உண்ணத் தொடங்கினர். தட்டும் முள்கரண்டியும் தேவையற்றுப் போயின. நின்றுகொண்டு உண்ணலாம், நடந்துகொண்டும் உண்ணலாம். உழைப்பாளிகள் அதை விரும்பியதில் வியப்பில்லை.

அவ்வாறு ரொட்டியின் இடையில் முதன்முதல் வைத்தவர் யார்? இந்தப் பெருமைக்கு நான்கு ஊர்களேனும் வழக்காடுகின்றன. விஸ்கான்சின் மாநிலத்துச் சீமூர் 1885-ஐச் சொல்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ஹாம்பர்க் என்றே பெயர் கொண்ட ஊரும் அதே ஆண்டைச் சொல்கிறது. டெக்சஸ் மாநிலத்து ஏதென்ஸ் எங்களுடையதே என்கிறது. கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரம் 1900-ஐக் காட்டுகிறது. இவ்வழக்கில் நாம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. எல் ரீனோ இந்த வழக்கில் சேரவும் இல்லை. அது உரிமை பாராட்டுவது ஒரு சிறிய செய்திக்குத்தான். ஹாம்பர்கரில் வெங்காயத்தைச் சேர்த்து நசுக்கிச் சுடும் முறை தன்னுடையது என்பதே அது.

உங்களுள் மாட்டிறைச்சி உண்ணாதவர் பலர் இருப்பீர்கள். உண்ணுமாறு சொல்ல நான் வரவில்லை. ஒரு மக்களின் உணவை உண்பது வேறு. அதை அறிவது வேறு. அறிவதற்கு விலக்கு எதுவும் இல்லையன்றோ?

முதலில் ஊரை அறிவோம். எல் ரீனோ நிற்கும் நிலம் ஷையான், அரப்பஹோ என்னும் இரு பழங்குடி மக்களுக்கென 1869-இல் ஒதுக்கப்பட்ட நிலத்தின் எல்லையை ஒட்டியது. 1874-இல் அப்பகுதியில் போர் மூண்டபோது, அம்மக்களைக் கண்காணிக்க அமெரிக்கப் படை ஒரு பாசறை அமைத்தது. உள்நாட்டுப் போரில் 1862-இல் வீழ்ந்த ஜெசி ரீனோ என்னும் தளபதியின் பெயரால் அது ரீனோ கோட்டை ஆயிற்று. 1889-இல் ஓக்லஹாமாவின் ஒரு பகுதி வெள்ளையர் குடியேற்றத்திற்குத் திறந்துவிடப்பட்டது. அந்த ஆண்டிலேயே எல் ரீனோ ஊர் எழுந்தது. 1892-இல் ஷையான், அரப்பஹோ நிலமும் திறந்துவிடப்பட்டது. 1901-இல் தெற்கேயுள்ள வேறு பழங்குடியினரின் நிலத்தைக் குலுக்குச் சீட்டு முறையில் பங்கிட்டனர். குலுக்கல் நடந்த ஊர் எல் ரீனோ. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர் பெயர் பதிந்தனர். நிலம் கிடைத்ததோ அவர்களுள் பன்னிரண்டில் ஒருவருக்கும் குறைவு. இந்தக் குலுக்கலில் யாருக்குப் பரிசு விழுந்தது என்று கேட்பதோடு, பரிசாகக் கொடுக்கப்பட்டது யாருடைய நிலம் என்றும் மாணவர்கள் கேட்க வேண்டும்.

ஊரை வளர்த்தது ரயில். ராக் ஐலண்டு என்னும் ரயில்வே நிறுவனம் எல் ரீனோவைத் தன் முக்கிய நிலையங்களுள் ஒன்றாக்கிற்று. வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனைகள் எழுந்தன. கொல்லர், கொதிகலன் வேலைக்காரர், தச்சர் எனப் பலவகைத் தொழிலாளர் குடியேறினர். மாதச் சம்பளம் வந்தால் கடைவீதி களிக்கும். வராவிட்டால் கடைவீதி வாடும். ஒரே தொழிலை நம்பிய ஊர்களுக்கு இது எங்கும் பொது.

1922-ஆம் ஆண்டு அத்தகைய வாட்டம் வந்தது. ரயில்வே பணிமனைத் தொழிலாளரின் கூலியை மணிக்கு 7 சென்ட் குறைக்குமாறு அரசின் ரயில்வே தொழில் வாரியம் முடிவு செய்தது. ஜூலை முதல் நாள் நாடெங்கும் ஏறத்தாழ நான்கு லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். செப்டம்பரில் நீதிமன்றத் தடையாணை வந்தது. அதன்பின் வேலைநிறுத்தம் சிறிது சிறிதாகக் கலைந்தது. கலைந்த பின்னும் பழைய வேலை பலருக்குக் கிடைக்கவில்லை. பணிமனையை நம்பியிருந்த எல் ரீனோவில் பல வீடுகளில் அடுப்பின் வேகம் தணிந்தது.

அக்காலத்தில் அவ்வூரில் ‘ஹாம்பர்கர் இன்’ என்றொரு சிறு கடை இருந்தது. அதை நடத்தியவர் ராஸ் டேவிஸ். இறைச்சியின் விலை மிகுதி. வெங்காயத்தின் விலையோ மிகக் குறைவு. வாங்குவோர் கையில் இருப்பது ஐந்து சென்ட் நாணயம் ஒன்று. முழு அளவு இறைச்சி வைத்தால் கடைக்காரருக்கு இழப்பு. இறைச்சியைக் குறைத்தால் உண்பவனுக்குப் பசி தீராது. டேவிஸ் ஒரு வழி கண்டார். சிறிய இறைச்சி உருண்டை ஒன்றைக் காய்ந்த இரும்புக் கல்லில் வைத்து, மெல்லிதாகச் சீவிய வெங்காயத்தை ஒரு பிடி அதன்மேல் குவித்து, கனத்த கரண்டியால் அழுத்தித் தேய்த்தார். வெங்காயமும் இறைச்சியும் ஒன்றாயின. பார்வைக்குப் பெரிதாயிற்று, உண்ண நிறைவாயிற்று, விலை ஐந்து சென்டைத் தாண்டவில்லை. வேலைநிறுத்தக் காலத்தில் இது பிறந்தது என்று சிலரும், 1929-க்குப் பிந்திய பெரும் பொருளாதார மந்தத்தில் பரவியது என்று சிலரும் உரைப்பர். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஒரு வறுமையில் பிறந்தது மறு வறுமையில் ஊன்றியது என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இறைச்சியைக் குறைத்து வெங்காயத்தைச் சேர்ப்பது கலப்படம் ஆகாதா? நான் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். பாலில் நீர் சேர்ப்பவனும் அளவைப் பெருக்குகிறான். டேவிசும் அளவைப் பெருக்கினார். ஆயின் பால்காரன் நீரை மறைக்கிறான். மறைக்காவிட்டால் அவன் வாணிகம் நடவாது. டேவிசோ உண்பவன் கண்ணெதிரே, உண்பவன் மூக்கறிய, வெங்காயத்தைச் சேர்த்தார். அக்கடைகளில் சமையற்கல்லுக்கும் வாடிக்கைக்காரனுக்கும் இடையே உள்ளது ஒரு பலகையின் அகலந்தான். எது எவ்வளவு விழுகிறது என்பதை அவன் பார்த்துக்கொண்டே இருப்பான். பார்த்து, ஒப்பி, காசு கொடுத்தான். பஞ்சத்தை ஒளிக்காமல் பஞ்சத்திற்கு ஈடு கொடுத்த முறை இது. அதனால்தான் பஞ்சம் நீங்கிய பின்னும் மக்கள் அதை வெறுக்கவில்லை. கலப்படப் பண்டத்தை நல்ல காலம் வந்ததும் துரத்திவிடுவார்கள். இதை நல்ல காலத்திலும் கேட்டு வாங்கினார்கள்.

கேட்டு வாங்கியதற்குச் சுவையும் ஒரு காரணம். அச்சுவையின் காரணத்தை அறிவியல் பயிலும் மாணவர்கள் எளிதில் உணரலாம். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு நீர். காய்ந்த கல்லில் அழுத்தும்போது அந்நீர் ஆவியாகி இறைச்சியினூடே எழுகிறது. மெல்லிய இறைச்சி காய்ந்து கட்டியாகாமல் காக்கிறது. சமையற்காரர் ரொட்டியை மேலே கவிழ்த்து வைப்பார். அதே ஆவியில் ரொட்டியும் மென்மையாகும். நீர் வற்றிய பின்னர் வெங்காயத்தின் சர்க்கரை வெம்மையால் பழுப்பேறி இனிக்கிறது. இறைச்சியின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து வெம்மையில் நிறம் மாறி மணம் தருவதை, 1912-இல் அதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலார் மையார் என்பவரின் பெயரால் மையார் வினை என்பர். நம் வீட்டில் வெங்காய ஊத்தப்பத்தைத் திருப்பிப் போட்டுக் கரண்டியால் அழுத்தும்போது எழும் மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல் ரீனோவின் தெருக்களில் நண்பகலில் வீசும் மணம் அதற்கு நெருங்கிய உறவு.

இனிக் கடைகளுக்குச் செல்வோம். ஊரின் பழைய கடைவீதியில், ஒன்றுக்கொன்று சில நிமிட நடைத் தூரத்தில், இம்முறையைக் காத்துவரும் மூன்று கடைகள் இருக்கின்றன. நான் அவ்வூரில் தங்கியபோது மூன்றிலும் அமர்ந்திருக்கிறேன்.

முதலாவது ராபர்ட்ஸ் கிரில். 1926-இல் தொடங்கியது. சிகாகோவிலிருந்து கலிபோர்னியா வரை செல்லும் 66-ஆம் நெடுஞ்சாலை வகுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அச்சாலை எல் ரீனோ வழியே சென்றது. 1930-களில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலமிழந்த குடும்பங்கள் மேற்கு நோக்கிச் சென்ற சாலை அது. ராபர்ட்ஸ் கிரில் சிறிய கட்டடம். உள்ளே ஒரு நீண்ட பலகை, அதன்முன் ஒரு வரிசை முக்காலிகள், எதிரே சமையற்கல். மேசை நாற்காலி என்று விரித்துப் போட இடமில்லை. வரிசையில் அமர்ந்தவர் அனைவரும் ஒரே கல்லைப் பார்த்துக்கொண்டிருப்போம். உண்டு முடித்தவர் எழுந்தால் நின்றவர் அமர்வார். செல்வரும் ஏழையும் அடுத்தடுத்து அமர்வதற்கு அங்கே சட்டம் எதுவும் தேவைப்படவில்லை; இடநெருக்கடியே போதுமானதாக இருந்தது. பழைய முறையைப் பழைய இடத்திலேயே காண விரும்புகின்றவர் முதலில் இங்கேதான் செல்ல வேண்டும்.

இரண்டாவது ஜானீஸ். 1946-இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பிய காலம். இக்கடை இருக்கும் தெருவிற்கு ராக் ஐலண்டு என்றே பெயர். இங்கே இடம் சற்று விரிவு. குடும்பத்தோடு வருவோர் இதை நாடுவர். வெங்காய ஹாம்பர்கருடன் இவ்வூருக்குரிய மற்றொரு பண்டமும் உண்டு. நீண்ட ரொட்டியில் தொத்திறைச்சி வைத்து, மிளகாய்க் குழம்பு ஊற்றி, கடுகுச் சுவையுள்ள முட்டைக்கோசுக் கலவையை மேலே இடுவர். அதற்குக் கோனி என்று பெயர். ஹாம்பர்கரும் கோனியும் ஒருங்கே கேட்பதே ஊர்க்காரர் வழக்கம்.

மூன்றாவது சிட்ஸ் டைனர். இது 1989-இல் தோன்றியது. மூன்றில் இளையது; ஆயினும் முறையில் பழைமை மாறாதது. மேசைப் பரப்பெங்கும் ஊரின் பழைய புகைப்படங்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள். உணவு வரும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அருங்காட்சியகத்திற்குச் செல்ல நேரமில்லாதவருக்கு அம்மேசையே ஒரு சிறு அருங்காட்சியகம்.

இம்மூன்றில் எது சிறந்தது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ராபர்ட்ஸ் கடையில் வெங்காயம் இறைச்சியோடு இறுகிக் கலந்திருக்கக் கண்டேன். சிட்ஸ் கடையில் ஓரங்கள் நன்கு முறுகியிருக்கக் கண்டேன். ஜானீஸ் கடையில் ரொட்டியின் மென்மை மனத்தில் நின்றது. ஊர்க்காரரைக் கேட்டால், எது சிறந்தது என்பதற்கு விடையாகத் தம் தந்தையார் எங்கே அழைத்துச் சென்றார் என்பதையே சொல்கின்றனர். அது தவறன்று. சுவையில் பாதி நாவில் இருக்கிறது. மற்றப் பாதி நினைவில் இருக்கிறது. ஒரு நாளில் ஒன்றை மட்டும் உண்ண இயலுமானால், முதலில் தோன்றிய கடைக்கு முதலிடம் தருக என்பதே என் கருத்து.

ஊரைத் தாங்கிய பெரிய நிறுவனங்கள் யாவும் காலத்தில் மறைந்தன. ராக் ஐலண்டு ரயில்வே 1980-இல் இயக்கத்தை நிறுத்தியது. அதன் பழைய நிலையக் கட்டடம் இன்று மாவட்ட அருங்காட்சியகமாக விளங்குகிறது. 66-ஆம் நெடுஞ்சாலை 1985-இல் நாட்டு நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வண்டிகள் பெருஞ்சாலையில் ஊரைத் தொடாமலே விரைகின்றன. ரீனோ கோட்டையில் படை இல்லை. கோட்டைக் கல்லறையில், இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு வந்து அமெரிக்காவிலேயே இறந்த ஜெர்மானிய, இத்தாலிய வீரர்கள் துயில்கின்றனர். கூலியைக் குறைத்த நிறுவனம் போயிற்று. கூலி குறைந்தவன் உண்ட உணவு நிற்கிறது. ஆண்டுதோறும் மே மாதத்து முதற் சனிக்கிழமையில் ஊரார் வெங்காய ஹாம்பர்கர் விழா எடுக்கின்றனர். அன்று எண்ணூறு பவுண்டுக்கும் மேற்பட்ட எடையில் ஒரே ஹாம்பர்கர் செய்து, வந்தோர் அனைவரும் பகிர்ந்துண்கின்றனர்.

வறுமையில் பிறந்த உணவுக்கு விழா எடுப்பது வறுமையைக் கொண்டாடுவது ஆகாதா என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். ஆகாது என்றே நினைக்கிறேன். ஆனால் ஆகிவிடக்கூடிய ஆபத்து உண்டு. அக்காலம் இனியது என்று பேசத் தொடங்கினால் அது பொய்யாகிவிடும். 1922-இல் ஐந்து சென்டுக்கு உண்டவன் அதைச் சுவைக்காக மட்டும் தேர்ந்துகொள்ளவில்லை. அவன் பிள்ளைகள் பசித்திருந்தனர். வேலைநிறுத்தத்தை மறந்து வெங்காயத்தை மட்டும் நினைத்தால் நாம் உண்பது பாதி வரலாறு. அவ்வாறே, குடியேறியவர்களின் உழைப்பை மட்டும் நினைத்து, அந்நிலத்தின் பழைய மக்களை மறந்தாலும் பாதி வரலாறே கிட்டும். ஷையான், அரப்பஹோ மக்களின் அரசு இன்றும் எல் ரீனோவின் வடக்கே கான்சோ என்னும் இடத்தில் இயங்குகிறது. அவர்கள் பழங்கதை அல்லர், அண்டை வீட்டார். அவ்வூருக்குச் செல்வோர் கடைவீதியோடு திரும்பிவிடாமல் கோட்டைக்கும் சென்று வருவது நலம். எந்தக் கோட்டை யாரை அடக்க எழுந்தது என்பதை அறிந்த பின் உண்ணும் உணவு, அறியாமல் உண்ணும் உணவைக் காட்டிலும் சுவையில் குறைந்துவிடாது.

நம் பேச்சு வழக்கில், உள்ளீடு அற்ற ஒன்றை வெங்காயம் என்று இகழ்கிறோம். உரித்துக்கொண்டே போனால் முடிவில் ஒன்றும் இராது என்பது அதன் கருத்து. எல் ரீனோவின் வெங்காயத்தை நான் உரித்துப் பார்த்தேன். ஒரு தோலில் கடைக்காரரின் நேர்மை இருந்தது. மற்றொன்றில் தொழிலாளரின் போராட்டம் இருந்தது. இன்னொன்றில் நிலமிழந்த மக்களின் வழக்கு இருந்தது. கண்ணில் நீர் வரவழைப்பதும் அதில் சிறிது இருந்தது.

மாணவர்களாகிய நீங்கள் கடல் கடந்து செல்லும் நாள் வரும்போது அந்த ஊரையும் பார்க்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரிலும் பஞ்ச காலத்தில் பிறந்து, நல்ல காலத்திலும் நீங்காமல் நிற்கும் உணவு ஒன்று இருக்கும். வீட்டில் முதியவர் எவரேனும் இருந்தால், அது எந்த ஆண்டில், எதன் விலை ஏறியபோது, யார் செய்யத் தொடங்கியது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆண்டையும் விலையையும் மறவாமல் குறியுங்கள். கல்வெட்டில் வராத வரலாறு அந்தத் தாளிலேனும் வரட்டும்.